மூட்டுவலியும் வார்ஃபரினும்

கேள்வி: எனக்கு வயது 68. இதயத்துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கிறேன். முழங்கால் வாதத்தால் வெள்ளவத்தை மாடிவீட்டுப் படி ஏற முடியவில்லை. மகன் டைக்ளோபினாக் என்ற வலிக்குளிசை வாங்கித் தந்தார். போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மகனின் அன்பு சரி, குளிசைதான் பிழை. டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும்; இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதையும் தடுக்கும். வார்ஃபரினும் சேர்ந்தால் உள்ளே கசியும் இரத்தம் இலேசில் நிற்காது. மலம் தார் போலக் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலிக்குப் பரசிட்டமோல் பரவாயில்லை. ஆனால் 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு 4 அல்லது கூடுதலாக, தொடர்ந்து சில நாள் போட்டால் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) ஏறலாம். கிளினிக்கில் சொல்லி இரத்தம் சோதியுங்கள்.

தைலம் பூசுவீர்கள்தானே? போத்தலில் ‘மெதைல் சாலிசிலேட்’ என்றிருக்கிறதா பாருங்கள். அது அஸ்பிரினின் உறவுக்காரன். தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்து கசிவைக் கூட்டும்; அந்தத் தைலம் வேண்டாம். பக்கத்து வீட்டார் தரும், மஞ்சளில் செய்த கப்சியூலும் வேண்டாம். கறியில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்குங்கள். வலி மிஞ்சினாலும் வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.