வோல்ட்டைக் குறைத்துப் பம்பை ஓட்டலாமா?

கேள்வி: என்னிடம் 12 வோல்ட் டிசி பம்ப் ஒன்று இருக்கிறது. இரைச்சல் தாங்க முடியவில்லை. தண்ணீரும் தேவைக்கு மேல் வருகிறது. 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் மோட்டார் கெட்டுவிடும் என்கிறார் ஒருவர். ஆயுள் கூடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: கார்பன் பிரஷ் (சுழலும் பகுதியைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) வைத்த சாதாரண டிசி மோட்டார் என்றால் இரண்டாமவர் பக்கம்தான் நான். இந்த வகையில் வேகம் ஏறத்தாழ வோல்ட்டைப் பொறுத்தது. 9 வோல்ட்டில் நான்கில் மூன்று பங்கு வேகத்தில் சுற்றும். இரைச்சல் குறையும், பிரஷ் தேய்வதும் குறையும். ‘வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும்’ என்று கடைக்குக் கடை சொல்வார்கள். அது ஏசி மோட்டாருக்கான பேச்சு, இதற்குப் பொருந்தாது.

முதலாமவரின் பயத்திலும் உண்மை உண்டு. சுற்றாமல் நின்றுவிட்ட மோட்டார்தான் எரிகிறது. சுற்றும்போது மோட்டாரே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. நின்றுவிட்டால் அந்தத் தடுப்பு இல்லை. காயிலின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலில் வெப்பமாவது 4.5 வாட். அதே 9 வோல்ட்டில் மோட்டார் சிக்கி நின்றால் 4.5 ஆம்பியர் பாய்ந்து, 40 வாட்டுக்கு மேல் காயிலிலேயே இறங்கும். குழாயில் அழுத்தம் நிற்கும்போது கிளம்ப வேண்டிய டயாபிரம் பம்புகளில் (சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) இது எளிதாக நடக்கும். அழுத்தம் ஏறியதும் பம்பை அணைக்கும் பிரஷர் சுவிட்ச் இருந்தும் பயனில்லாமல் போகலாம்: வோல்ட்டை மிகவும் குறைத்துவிட்டால், சுவிட்ச் அணைக்கும் அழுத்தத்தை எட்டுவதற்கு முன்பே மோட்டார் திணறி நின்றுவிடும்.

ஆகவே பம்பை அதன் இடத்திலேயே, குழாய் மாட்டிய நிலையில் சோதியுங்கள். எத்தனை வோல்ட்டில் நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்புகிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருப்பதற்குத் தேவைப்படுவதைவிட இது அதிகமாக இருக்கும். அதற்கு மேல் ஓரிரு வோல்ட் வைத்துக்கொள்ளுங்கள். தக்க பியூஸ் ஒன்றும் போடுங்கள். அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதாது. கிளம்பும் கணத்தில் மோட்டார் ஓடும் மின்னோட்டத்தைப்போல் பல மடங்கு கேட்கும், அதைத் தர அடாப்டரால் முடிய வேண்டும். நடுவே ஒரு ரெசிஸ்டரைச் செருகும் வித்தை வேண்டாம். கிளம்பும்போது, மோட்டாருக்கு வோல்ட் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது அதிகமாக விழுங்கும்.

பிரஷ்லெஸ், அதாவது பிரஷ் இல்லாத, பம்ப் என்றால் கதை வேறு. உள்ளே மின்னணுச் சுற்று இருக்கிறது. ஓர் அளவுக்குக் கீழே அது கிளம்பாது, அல்லது கிளம்பி நின்று, மறுபடி கிளம்பி நிற்கும். ‘6–12 வோல்ட்’ என்பதுபோல் எல்லை அச்சிட்ட பம்பையே வாங்குங்கள். வேகத்துக்கென்று தனிக் கம்பி இருந்தால் அதைப் பயன்படுத்துவதே முறை.

கேள்வி: வோல்ட்டைக் குறைத்த பிறகு என் சிறிய நீரூற்றுப் பம்ப் சுற்றுகிறது, ஆனால் மேலே தண்ணீர் வரவில்லை. பம்ப் பழுதா?

பதில்: பழுதில்லை. விசிறிபோன்ற இம்பெல்லர் உள்ள பம்பில் ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3 மீட்டர் ஏற்றும் பம்ப், வேகம் நான்கில் மூன்றானால் 1.7 மீட்டரோடு நிற்கும்; பாதியானால் 75 சென்டிமீட்டர்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் உச்ச உயரமும் தண்ணீரின் உச்ச ஓட்டமும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. உச்ச உயரத்தில் ஓட்டம் பூஜ்யம். இதை விற்பவர்கள் சொல்வதில்லை. உங்களுக்குத் தேவையான உயரத்தைப்போல் இரு மடங்காவது ஏற்றும் பம்பாக வாங்கினால், பிறகு வோல்ட்டைக் குறைக்க இடமிருக்கும்.

கேள்வி: ஏசி பம்பை மின்விசிறி ரெகுலேட்டரில் இணைக்கலாமா?

பதில்: கூடாது. ஏசி பம்புகளில் பெரும்பாலும் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது முக்கியமாக மின்சாரத்தின் அதிர்வெண். வோல்ட் குறைந்தால் குறைவது முறுக்குவிசை, அதுவும் வர்க்கத்தில். 10 சதவீதம் குறைந்தால் விசை 19 சதவீதம் போய்விடும். மோட்டார் திணறி, கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். மின்விசிறி மோட்டார் இந்தத் திணறலுக்கென்றே செய்யப்பட்டது. பம்ப் மோட்டார் அப்படியல்ல. மீன்தொட்டியில் வைக்கும் காந்த ரோட்டர் (சுழலும் பகுதியே காந்தம்) பம்போ சுற்றுவதை விட்டுவிட்டு வெறுமனே ரீங்காரமிடும். இம்பெல்லர் பம்பில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் வெளியேறும் குழாயில் ஒரு வால்வு வையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: பேட்டரியில் 12 வோல்ட் சரியாக இருக்கிறது. தூரத்தில் உள்ள பம்ப் மட்டும் சோர்ந்து ஓடுகிறதே?

பதில்: கம்பி மெலிதாக இருக்கும். போக வர மொத்தத் தடை 0.2 ஓம் என்றால், 5 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். நிறுத்திவிட்டு அளந்தால் இந்த இழப்பு தெரியாது. குறைந்திருந்தால் தடித்த கம்பி வாங்குங்கள், புதுப் பம்ப் வேண்டாம்.