பூட்டுத் தகட்டில் ஒரு சிங்கம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒரு பழைய ராணுவக் கைத்துப்பாக்கி பார்த்தேன். சுடும் பொறி பொருந்திய பூட்டுத் தகட்டில் கிரீடம் ஏந்திய சிங்கம். மருது பாண்டியர் படையில் இருந்தது என்கிறார் கடைக்காரர். இப்படிப்பட்டவற்றைச் சேகரிக்க ஆசை. எந்தப் புத்தகங்களில் தொடங்கலாம்?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணம் கொடுத்துவிடவில்லையே? அந்தச் சிங்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. கம்பெனித் துப்பாக்கிப் பூட்டுகளில் அது வந்தது 1808 வாக்கில்தான். அதற்கு முன் இருந்தது, நான்காகப் பிரித்த இதய வடிவமும் அதற்குள் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளும். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதோ 1801இல். கடைக்காரர் சொல்லும் கதை நிற்காது. அதற்காகப் பொருளே போலி என்று ஆகிவிடாது; கம்பெனிக் குதிரைப்படையில் புழங்கிய அசலாகவே இருக்கலாம். ஆனால் மருதுவின் பெயருக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

டி. எஃப். ஹார்டிங் எழுதிய 'ஸ்மால் ஆர்ம்ஸ் ஆஃப் தி ஈஸ்ட் இந்தியா கம்பெனி' நூலில் தொடங்குங்கள். 1600 முதல் 1856 வரையான கம்பெனி ஆயுதங்களைப் பற்றி நான்கு தொகுதிகள். நம் பகுதிச் சேகரிப்பாளருக்கு இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன். நான்கும் கைக்கு எட்டாவிட்டால், மாதிரிகளை வரிசைப்படுத்தும் இரண்டாம் தொகுதியையாவது பழைய புத்தகச் சந்தையில் தேடிப் பிடியுங்கள்.

பிரிட்டிஷ் அரசுப் படை ஆயுதங்களுக்கு ஹோவர்ட் பிளாக்மோரின் 'பிரிட்டிஷ் மிலிட்டரி ஃபயர்ஆர்ம்ஸ் 1650–1850'. 1961இல் வந்தது. சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுவதிலிருந்து, அடித்தால் வெடிக்கும் சிறு உலோகக் குப்பியான கேப்புக்கு மாறிய காலத்தை விளங்கிக்கொள்ள இது வேண்டும். பழைய கல் பூட்டுகளைக் கேப் பூட்டாக மாற்றியதும் உண்டு. தகட்டில் அடைத்த துளைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். பிரிட்டிஷ் தயாரிப்பான வெப்லி ரிவால்வர்கள் பக்கம் போனால் டவல் என்பவர் எழுதிய 'தி வெப்லி ஸ்டோரி' இருக்கிறது. எகர்ட்டன் 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதக் கையேடு இணையத்தில் இலவசம்தான், ஆனால் அதில் வாளும் கட்டாரியும்தான் அதிகம்.

சட்டத்தையும் பாருங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு மட்டுமே. சுடக்கூடியது என்றால் அது தாத்தா காலத்தது என்ற பேச்சு எடுபடாது, உரிமம் வேண்டும். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். நூறாண்டு கடந்ததை சிங்கப்பூர்ச் சொந்தங்களுக்குப் பரிசாக அனுப்பும் எண்ணமும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது.

அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது பூட்டுத் தகட்டையும் குழலின் அடிப்பக்க முத்திரைகளையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.