நடுராத்திரியில் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: எனக்கு 63 வயது. கணவர் காலமான பிறகு, கும்பகோணத்திலிருந்து குரோம்பேட்டையில் மகன் வாங்கியிருக்கும் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டேன். மகன் ஜெர்மனியில் இருக்கிறான். எனக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. ராத்திரியில் ஏதாவது ஆனால் கூப்பிட ஆளில்லை. புது இடத்தில் உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்ய?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: சகோதரி, நான் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ராத்திரி யார் வந்து சேர்ந்தாலும் “கூட யாரு வந்திருக்கீங்க?” என்றுதான் முதலில் கேட்போம். 108-க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வரும். கதவைத் திறந்துவிட, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்ல, ஸ்ட்ரெச்சர் கூடவே நடக்க ஓர் ஆள் வேண்டுமே!

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத் தேடாதீர்கள். “என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் யாரும் தயங்குவார்கள். “இந்த மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கட்டும்” என்றால் எதிர் ஃபிளாட்டில் சந்தோஷமாக வாங்கி வைப்பார்கள். ஒன்று கவனியுங்கள்: உள்தாழ்ப்பாள் போட்டுப் படுத்தால் அந்தச் சாவியால் பிரயோஜனமில்லை. வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு மட்டும் போதும்.

அவர்களிடமே இதையும் சொல்லி வையுங்கள்: சர்க்கரை இறங்கி நீங்கள் தடுமாறினால், நினைவு இருக்கும்வரை மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. நல்ல எண்ணத்தில் ஊற்றி, மூச்சுக்குழாயில் இறங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையை ஒரே மெடிக்கல் ஷாப்பில் வாங்குங்கள். ஒரே ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுப் பழகுங்கள், ராத்திரி வருவாரா என்று பகலிலேயே கேட்டுவிடுங்கள். மறுநாள் காலை வரைக்கும் பால் பை தொங்கினால் பெல் அடிக்கும்படி பால்காரரிடம் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567 கட்டணமில்லாதது, பென்ஷன், சட்ட ஆலோசனைக்கெல்லாம் உதவும். ஆனால் அது காலை 8 முதல் இரவு 8 வரைதான்.

கூச்சம் போக, முதலில் நீங்கள் உதவுங்கள். வேலைக்குப் போகிறவர்களின் கூரியரை வாங்கி வையுங்கள். ஸ்கூல் விட்டு வரும் குழந்தை, அம்மா வரும்வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும். ஞாயிறு காலை இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா செய்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. முடிச்சூரில் எங்கள் தெருவில் ஒருவரையொருவர் மாடிக்கு ஏற்றிவிட்டது, இப்படிக் கிண்ணம் கொடுத்து வாங்கிய வீடுகள்தான்.

அப்புறம், எதிர் ஃபிளாட்டுக்காரரின் எண்ணை மகனுக்கும், மகனின் எண்ணை அவருக்கும் இன்றைக்கே கொடுத்து, ஒருமுறை இருவரையும் பேச வைத்துவிடுங்கள்.