செத்த உடம்பு நடக்குமா, டாக்டர்?

சட்ட மருத்துவத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற மருத்துவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஜாம்பி படம் பார்த்ததிலிருந்து என் 11 வயது மகன் தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறான். செத்தவர்கள் எழுந்து நடக்க முடியாது என்றால், 'ஏன் முடியாது?' என்று கேட்கிறான். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, தேனி

'ஏன்' என்று கேட்கிற பிள்ளைக்குச் சரியான பதிலே சொல்லிவிடலாம் அம்மா. தசை சுருங்க ஏடிபி என்ற வேதிப்பொருள் வேண்டும். சுருங்கிய தசை தளரவும் அதே ஏடிபிதான் வேண்டும். தசைக்குள் இரண்டு வகைப் புரத இழைகள் கொக்கி மாட்டி இழுத்துக்கொள்கின்றன. அந்தக் கொக்கியைக் கழற்றிவிடுவது ஏடிபி. ரத்த ஓட்டம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்து, கொக்கிகள் மாட்டியபடியே நின்றுவிடும். அதுதான் மரண விறைப்பு. முதலில் கண்ணிமை, தாடை, கழுத்து. அப்புறம் கை, கால். சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுக்கக் கட்டை.

உயிர் போன வீட்டில், தாடையைத் துணியால் கட்டுங்கள், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுங்கள் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். தாமதித்தால் திறந்த வாய் திறந்தபடியே இறுகிவிடும்.

மார்ச்சுவரி வாசலில் ஒரு மகள், அப்பாவின் மடங்கிய விரல்களைப் பிரிக்கப் பார்த்து முடியாமல், "என்மேல கோபமாப்பா?" என்று அழுதாள். "கோபமெல்லாம் இல்லம்மா, நாளைக்குத் தானா தளர்ந்திடும்" என்றேன். இன்றும் அந்தக் கை கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் அந்தத் தளர்ச்சி ஏடிபி திரும்பி வந்ததால் அல்ல, தசையே சிதையத் தொடங்குவதால் வருவது. நம் வெயிலில் மறுநாளே அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை படரும். கண்ணோரத்திலும் மூக்கிலும் ஈ முட்டையிட்டிருக்கும். ஆக, முதல் நாள் முழங்கால் மடங்காது. அதற்குப் பிறகு, நடக்கத் தசையே சரியாக இருக்காது.

மனிதரைத் தின்று தெம்பு வரும் என்றும் படத்தில் காட்டுகிறார்கள். தின்றதைத் தசைக்குக் கொண்டுபோக இதயம் துடிக்க வேண்டுமே!

கேள்வி: கடித்தால் தொற்றும் என்பதாவது உண்மையா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

கடியால் பரவி மூளையைத் தாக்கும் நோய் உண்டு: ரேபிஸ். ஆனால் அது கடித்த நொடியில் ஆளை மாற்றாது. வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக ஊர்ந்து மூளைக்குப் போகப் பெரும்பாலும் சில வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். அந்த அவகாசத்தில்தான் தடுப்பூசி நம்மைக் காப்பாற்றுகிறது. அறிகுறி வந்தபின் பிழைப்பவர் கிட்டத்தட்ட இல்லை. நாய் கடித்தால் மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். திட்டு விழுமே என்று கடிபட்டதை மறைக்கும் குழந்தைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

கேள்வி: எறும்பை ஜாம்பியாக்கும் பூஞ்சை மனிதருக்கு வருமா?
– ஒரு மாணவி, கோவை

வராது. ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற அந்தப் பூஞ்சை எறும்போடு பழகி வளர்ந்தது. அது ஆட்டிவைப்பது உயிருள்ள எறும்பைத்தான். தசை இழைகளைச் சுற்றி வலைபோலப் படர்ந்து, எறும்பைச் செடியில் ஏற்றி, இலை நரம்பைக் கவ்வ வைக்கும். அங்கேயே எறும்பு சாகும். அப்புறம் ஓர் அடிகூட நடக்காது. இறுகிய தாடை இலையை விடாமல் பிடித்திருக்க, அதன் பிடரியிலிருந்து பூஞ்சையின் தண்டு முளைக்கும்.