பெர்சென்டைல் 16 என்பது 16 மார்க் இல்லை

மகனுக்குத் திக்குவாய், மொழித்திறன் தேர்வில் 85, பெர்சென்டைல் 16, 'நூற்றுக்குப் பதினாறுதானா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அது மார்க்கே இல்லை சார். அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 16 பேர் அவன் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள், அவ்வளவுதான். சராசரி 100, திட்ட விலக்கம் (பிள்ளைகளின் மதிப்பெண் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 15 என்பதால் 85 சராசரி வட்டத்தின் கீழ் ஓரம். தேர்வின் நம்பகத்தன்மை (மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற அளவு; முழுமை என்றால் 1) 0.91 என்றால் அளவைப் பிழை, அதாவது மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, 4.5; இருபுறமும் அதில் இரு மடங்கு விட்டு, ஏறக்குறைய 76 முதல் 94 வரை என்றுதான் படிக்க வேண்டும்.

என் சந்தேகம் வேறு. 'ப...ப...பந்து' என்று முடிப்பதற்குள் நேரம் போயிருந்தாலோ, திக்கும் என்று பயந்து 'தெரியாது' என்றிருந்தாலோ, அடிவாங்கியது பேச்சோட்டம், மொழியறிவு அல்ல. படத்தைத் தொட்டுக் காட்டும் பகுதியில் எவ்வளவு, நேரக் கணக்கு இருந்ததா என்று சோதித்தவரிடம் கேளுங்கள். அதே தேர்வை உடனே மறுபடி வைக்க வேண்டாம். பழகிய கேள்விகளே மதிப்பெண்ணை ஏற்றிவிடும்.