பனியில் போட்ட வற்றல்

கேள்வி: தென் அமெரிக்காவில் டிடிகாகா ஏரிப் பக்கம் பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், மழையும் குறைவு, ராத்திரி உறைபனியும் உண்டு என்கிற இடத்தில் அந்தக் காலத்து ஆட்கள் ஏன் ஏறிப்போய் விவசாயம் பார்த்தார்கள்? கீழே நிலமா இல்லை? பிடிவாதமா, அறியாமையா?
- வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: 'அறியாமை' என்று எழுதிய அன்று உங்கள் வீட்டில் உருளைக்கிழங்குப் பொரியலாக இருந்திருக்கலாம். அந்தக் கிழங்கைக் காட்டுச்செடியிலிருந்து பயிராக்கியது அந்த மலைக்காரர்கள்தான்.

கீழே நிலம் இருக்கிறது. மேற்கே இறங்கினால் பாலைவனம், உலகத்திலேயே மிக வறண்டவற்றில் ஒன்று. அங்கே மலையாறு வந்து சேரும் இடத்தில் மட்டும்தான் பயிர். கிழக்கே இறங்கினால் அடர்காடு. மேலே டிசம்பர் முதல் மார்ச் வரையாவது மழை உண்டு. பிடிவாதம் எங்கே வந்தது?

பனி விஷயத்துக்கு வருவோம். அங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அப்போது கிழங்கைத் தரையில் பரப்பி வைப்பார்கள். ராத்திரி கல்லாய் உறையும். பகலில் சுள்ளென்று வெயில், இளகும். மூன்று நான்கு ராத்திரி இப்படிப் போனதும் வெறுங்காலால் மிதித்து, தண்ணீரையும் தோலையும் பிதுக்கி எடுத்துவிட்டு மறுபடி காயவைப்பார்கள். கூழாங்கல் போல, ஆனால் தக்கையாக, ஒரு பொருள் மிஞ்சும். பெயர் சூன்யோ. வருஷக்கணக்கில் கெடாது. நாம் வெயிலை நம்பி வற்றல் போடுகிறோம். அவர்கள் பனியையும் கூலியில்லாமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பனியைத் தாங்கி வளரும் கிழங்கு கசக்கும், நஞ்சும் உண்டு. அதையும் உறையவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டுக் காயவைத்தால் அதுவும் சாப்பாடுதான். பின்னால் வந்த ஸ்பானியர்களில் சிலர் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இந்தச் சூன்யோவை விற்றே பணக்காரர் ஆனார்கள்.

ஏரிக்கரைத் தாழ்நிலத்தில் வேறு உத்தி. மண்ணை வெட்டி ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு மேடு போட்டு, வெட்டிய பள்ளத்தில் தண்ணீரைத் தேக்கினார்கள். பகல் வெயிலில் சூடேறிய தண்ணீர் ராத்திரியில் மெல்ல வெப்பத்தை விடும். மேட்டுப் பயிர் பனியில் கருகாது. பள்ளத்துச் சேறுதான் உரம்.

மழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிப் பார்க்கவும் வழி வைத்திருந்தார்கள். ஜூன் கடைசியில், விடிவதற்கு முன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்ப்பார்கள். பளிச்சென்று தெரிந்தால் வழக்கமான சமயத்தில் நடவு, மங்கலாக இருந்தால் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்திருப்பீர்கள். 2000-ல் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருஷங்களில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் உயரத்தில் படர்ந்து நட்சத்திரத்தை மங்கச் செய்கிறது. அந்த வருஷங்களில் அங்கே மழையும் குறைவு. சரிதானே?

எல்லாம் கடைசிவரை கைகொடுத்தது என்று சொல்லமாட்டேன். அந்த ஏரிப் பக்கம் பெரிய நகரமாக இருந்த திவனாக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சரிந்தது. நீண்ட வறட்சி காரணம் என்பார் ஒரு சாரார், அரசியல் சண்டை என்பார் இன்னொரு சாரார். 1980-களில் அந்த மேட்டு வயல்களை மறுபடி வெட்டிப் பார்த்தார்கள். விளைச்சல் நன்றாகவே வந்தது. அப்புறம் உதவிப் பணம் நின்றது, மண் வெட்ட ஆள் இல்லை, பல இடங்களில் மேடுகள் மீண்டும் புல்தரையாகிவிட்டன. சூன்யோவுக்கு யாருடைய உதவிப் பணமும் தேவைப்படவில்லை. இந்த ஜூனிலும் யாரோ மிதித்துக்கொண்டிருப்பார்கள்.