“கொஞ்சம் ஈரமா இருக்குங்க” என்பதை டேட்டாபேஸில் எப்படி வைப்பது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மஞ்சள் குடோனுக்கு ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் (ஒரு பொருளின் பண்புகளை ஒன்றாகக் கட்டி ‘ஆப்ஜெக்டாக’ச் சேமிப்பது) மென்பொருள் எழுதுகிறேன். சரக்கு இறக்கும்போது “கொஞ்சம் ஈரமா இருக்குங்க”, “கோபி சரக்கா, சத்தி சரக்கானு தெரியலைங்க” என்றுதான் சொல்கிறார்கள். ஏதோ ஒரு எண்ணைப் போட்டால் பொய்யாகிறது. காலியாக விட்டால் தேடும்போது வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ஒரே கிளாஸில், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் ஒரே அச்சில், அடைக்காதீர்கள்.

கோபியா சத்தியா என்பதில் உண்மையான விடை ஒன்றுதான். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இரண்டு ஊரையும் பட்டியலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிகழ்தகவு கொடுங்கள். கூட்டினால் 1 வர வேண்டும்.

“கொஞ்சம் ஈரம்” அப்படியல்ல. அந்தச் சொல்லுக்கே கறாரான எல்லை கிடையாது. கணினி அறிவியலாளர் லோட்ஃபி ஜாதே 1965-இல் முன்வைத்த ஃபஸ்ஸி கணங்கள் (ஒன்று ஒரு கணத்தில் எவ்வளவு பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்பவை) இதற்குத்தான் உதவும். ‘ஈரப்பதம்’ என்று தனி கிளாஸ் எழுதி, அதில் நான்கு எண்களை வையுங்கள். உதாரணமாக 7, 8, 9, 11 சதவீதம். 8 முதல் 9 வரை முழுப் பொருத்தம், அதாவது 1. இரு பக்கமும் சரிந்து 7-இலும் 11-இலும் பூஜ்யம். மீட்டர் வைத்து அளந்துவிட்டால் 9, 9, 9, 9 என்று போடுங்கள். எதுவுமே தெரியாவிட்டால் 0, 0, 100, 100. மூன்று நிலையும் ஒரே கிளாஸில் அடங்கிவிடும். எனக்கு இந்த முறை பிடிக்கக் காரணமே இதுதான். ஆனால் பாலிஷ் போடாத மஞ்சளுக்குப் பாலிஷ் தேதி ‘தெரியாது’ அல்ல, ‘பொருந்தாது’. அதற்குத் தனிக் குறி வேண்டும்.

இனி தேடல். “ஈரம் 10-க்கு மேல் போகாத சரக்கு” என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. இரண்டு எண்கள் திரும்பட்டும்: இருக்கலாம் என்பதற்கு ஒன்று, உறுதி என்பதற்கு ஒன்று. மேலே சொன்ன சரக்குக்கு முதலாவது 1, ஏனென்றால் முழுப் பொருத்தம் உள்ள 8, 9 இரண்டும் 10-க்குள்தான் இருக்கின்றன. இரண்டாவது 0.5தான், ஏனென்றால் 10-ஐத் தாண்டியதும் பொருத்தம் இன்னும் 0.5 இருக்கிறது, அதை 1-லிருந்து கழிக்கிறோம். ஏற்றுமதிக்கு அனுப்பும் ஆள் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். இந்த 0.5-ஐ ஐம்பது சதவீத வாய்ப்பு என்று திரையில் காட்டிவிடாதீர்கள், நிகழ்தகவோடு பெருக்கியும் விடாதீர்கள்.

‘முதல் தரம்’ என்று துணை கிளாஸ் (ஒரு கிளாஸுக்குக் கீழ் வரும் தனி வகை) உருவாக்கும் ஆசை வரும். வேண்டாம். பெரும்பாலான மொழிகளில் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே அதன் கிளாஸ் முடிவாகிவிடும்; பாதி உறுப்பினராக இருக்க வழியில்லை. தரத்தை 0.7 போன்ற ஒரு பண்பாகவே வையுங்கள்.

அப்புறம், அந்த நான்கு எண்களை நீங்களே முடிவு செய்யாதீர்கள். விரலி மஞ்சளைக் கையில் ஒடித்துப் பார்த்துச் சொல்பவரிடம் கேளுங்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதையும் அதே ஆப்ஜெக்டில் சேமியுங்கள்.